உயிரின் வேதிப் பொருள்களைச் சமையற்கட்டிலேயே அறிவது எப்படி?

உயிர்கள் எந்த வேதிப் பொருள்களால் ஆனவை என்று படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே களைத்துவிடுகிறார்கள். கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று நான்கு கட்டம் போட்ட படம், ஒவ்வொரு கட்டத்திலும் பத்துப் பெயர்கள். மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். ஆனால் தட்டில் இருக்கும் களியில் எது எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் விழிக்க வேண்டியதுதான். அதனால் இங்கே வரிசையை மாற்றிக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் கிடைப்பதை வைத்து முதலில் கண்ணால் பார்ப்போம்; பெயர் பிறகு வரட்டும். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைகளுக்கும், என்றோ படித்து மறந்துவிட்ட பெற்றோருக்கும் இது பொருந்தும்.

ஒரே ஒரு செய்தியை மட்டும் கடைசிவரை கையில் பிடித்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பொருள்களில் பெரியவை எல்லாம் சிறிய மூலக்கூறுகளைக் கோத்துச் செய்தவை. இரண்டு சேரும்போது நடுவிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று வெளியேறுகிறது. அதே இடத்தில் நீரைத் திரும்பப் புகுத்தினால் இணைப்பு அறுந்துவிடுகிறது. களி செரிப்பதும் மாங்காய் பழுப்பதும் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன.

என்னென்ன வாங்க வேண்டும்?

மருந்துக்கடையில் பொவிடோன் அயோடின் கரைசல் ஒரு சிறு புட்டி வாங்குங்கள். களிம்பு வேண்டாம், கை கழுவும் நுரை வகையும் வேண்டாம். வெறும் கரைசல்தான் தேவை. அங்கேயே சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மில்லி கேளுங்கள். கையில் தேய்க்கும் சானிடைசர் கூழ் இதற்கு உதவாது. மளிகைக்கடையில் கேழ்வரகு, சாமை, உடைத்த பச்சைப் பட்டாணி, வினிகர், எலுமிச்சை. இவற்றுடன் பள்ளிகளுக்கு ஆய்வகப் பொருள் விற்கும் கடை அருகில் இருந்தால் பெனடிக்ட் கரைசல் ஒரு புட்டி. அது கிடைக்காவிட்டால் ஒரு படியை மட்டும் தாண்டிப் போகலாம், பெரிய நட்டமில்லை.

அயோடின் பட்ட எதையும் வாயில் வைக்கக் கூடாது. பழைய கிண்ணங்கள் நான்கைந்தை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஸ்பிரிட் புட்டியைத் திறக்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும். பிள்ளைகள் தனியாகச் செய்ய வேண்டாம்.

முதலில் ஒரு கரண்டி மாவைக் கருக்குங்கள்

பழைய இரும்புக் கரண்டியில் ஒரு தேக்கரண்டி கேழ்வரகு மாவைப் போட்டு, வீட்டுக்கு வெளியே விறகடுப்பில் காட்டுங்கள். மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைச் சாய்த்துப் பிடித்தால் அதன் அடியில் நீர்த்துளிகள் படியும். காய்ந்த மாவு என்று நாம் நினைப்பதிலும் ஈரம் இருக்கிறது என்பது அப்போது தெரியும். பிறகு மாவு பழுப்பாகிக் கருகும். அந்தக் கருப்பு கார்பன். தணலிலேயே நெடுநேரம் விட்டுவைத்தால் கருப்பும் எரிந்துபோய், வெளுத்த சாம்பல் ஒரு சிட்டிகை அடியில் தங்கும். அதுதான் தாது உப்பு. நூறு கிராம் மாவை எரித்தால் இரண்டு மூன்று கிராம் மிஞ்சும், அவ்வளவுதான்.

அந்தச் சாம்பலில் கால்சியம் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் கால்சியம் ஏறக்குறைய 350 மில்லிகிராம்; பசும்பாலில் அதே அளவுக்குச் சுமார் 120; தீட்டிய அரிசியில் பத்தைத் தாண்டுவதே அரிது. தானியங்களில் கேழ்வரகை இந்த விஷயத்தில் எதுவும் நெருங்கவில்லை.

நம் உடல் எடையிலும் ஆக்சிஜன் சுமார் 65 சதவீதம், கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3. நான்கு தனிமங்களில் 96 சதவீதம் முடிந்துவிடுகிறது. மிச்சத்தில் கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம் போன்றவை. பாறையிலும் காற்றிலும் இல்லாத தனிமம் எதுவும் உயிருக்குள் இல்லை. ஒரு காலத்தில் உயிருள்ளவற்றின் பொருள்களை உயிர்தான் செய்ய முடியும் என்று நம்பினார்கள். 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரெடரிக் வோலர், சிறுநீரில் கிடைக்கும் யூரியாவை உயிரின் துணையில்லாமல் ஆய்வகத்தில் செய்து காட்டினார். அந்த யூரியாவைத்தான் இன்று மூட்டை மூட்டையாக வாங்கி வயலில் போடுகிறோம்.

சாமைக் கஞ்சியில் மாவுச்சத்து

அயோடின் கரைசல் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, வெளிறிய டீத்தண்ணீர் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். சாமையைக் குழைய வேகவைத்து, மேலே நிற்கும் கஞ்சித் தெளிவை ஒரு கிண்ணத்தில் எடுத்து ஆறவிடுங்கள். கேழ்வரகிலும் செய்யலாம், ஆனால் அதன் செம்பழுப்பு நிறம் முடிவைக் குழப்பும். தெளிவில் ஒரு சொட்டு விட்டதுமே கருநீலம் பாயும்.

ஆறிய பிறகுதான் சொட்டு விட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சூடான கஞ்சியில் இந்த நீலம் தெரியாது. நம்பிக்கை இல்லாவிட்டால் நீலமாகிய கஞ்சியையே சூடாக்கிப் பாருங்கள்: நிறம் மறையும், ஆறினால் திரும்ப வரும். காரணம் இதுதான். மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற நீண்ட சங்கிலி இருக்கிறது. அது நேராக நிற்பதில்லை, சுருள்வில்லாக முறுக்கிக்கொள்கிறது. அயோடின் அந்தச் சுருளின் உள்ளே நுழைந்து உட்கார்ந்தால்தான் நீலம். சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் நழுவிவிடுகிறது.

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு குளுக்கோஸ். ஒரு குளுக்கோஸில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. இரண்டு குளுக்கோஸைக் கூட்டினால் 12, 24, 12 வர வேண்டும். ஆனால் இரண்டு குளுக்கோஸ் இணைந்து உண்டாகும் மால்டோஸில் 12, 22, 11தான் இருக்கிறது. குறைந்தது ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. அதாவது ஒரு நீர். இந்தக் கழித்தலை ஒருமுறை தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். பாடநூலில் பத்து இடத்தில் இதே கழித்தல் வேறு வேறு பெயரில் வரும்.

வைக்கோலும் குளுக்கோஸ் சங்கிலிதான். அதில் கண்ணிகள் இணையும் கோணம் வேறு, அதனால் நம் வயிற்றில் அது அறுபடாது. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் அதை அறுக்கும் கருவி இருக்கிறது. மாடு வைக்கோல் தின்று பால் கறப்பது அவற்றின் தயவில்.

முளைகட்டிய மாவு செய்யும் வேலை

இத்தனையும் செய்ய நேரமில்லை, ஒன்றுதான் முடியும் என்பவர்கள் இந்தப் படியைச் செய்யுங்கள்.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வெள்ளை முளை நன்றாகத் தெரியும்வரை இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு நிழலில் காயவைத்து, வறுக்காமல் பொடியுங்கள். கடையில் விற்கும் முளைகட்டிய மாவு பல நேரம் வறுத்தது, அது சரிப்படாது.

இப்போது சாதாரணக் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சுங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் கட்டியாக விழும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். இரண்டு கிண்ணங்களில் சமமாக ஊற்றி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். முதல் கிண்ணத்தில் முளைமாவு ஒரு தேக்கரண்டி கலக்குங்கள். இரண்டாவதில் அதே அளவு முளைமாவைத்தான் போட வேண்டும், ஆனால் கொஞ்சம் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய பிறகு. இரண்டையும் மூடிவைத்துக் கால்மணி நேரம் கழித்துத் திறங்கள்.

முதல் கிண்ணம் மோர்போல் ஓடும். இரண்டாவது அப்படியே கட்டியாக நிற்கும். முதல் கிண்ணம் இளகியது தண்ணீர் அதிகமாகச் சேர்த்ததால் அல்ல. சொல்லப்போனால் கொதிக்கவைத்த மாவோடு சேர்ந்து இரண்டாவதில்தான் தண்ணீர் அதிகம். முளைக்கும் விதை தன் சேமிப்பை உடைத்துச் செடிக்குக் கொடுப்பதற்காக அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. அந்த நொதி மாவுச்சத்துச் சங்கிலியில் நீரைப் புகுத்தி அறுத்துத் தள்ளிவிட்டது. நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி நிற்பதுதான் கூழின் கெட்டித்தன்மை, துண்டுகள் சிக்கிக்கொள்வதில்லை. கொதிக்கவைத்த முளைமாவில் நொதி செத்துவிட்டது. நொதி ஏன் கொதியில் சாகிறது என்பது புரதத்துக்குப் போகும்போது விளங்கும்.

கைக்குழந்தைக்கு முளைமாவுக் கஞ்சி கொடுக்கும் வழக்கத்தில் இருக்கும் நியாயமும் இதுவே. குழந்தை விழுங்கும் அளவுக்கு நீர்த்த கஞ்சியில் சாதாரண மாவு கொஞ்சம்தான் பிடிக்கும். முளைமாவு சேர்ந்தால் அதே நெகிழ்வில் கூடுதல் மாவைக் கரைக்கலாம். முதல் கிண்ணத்துக் கூழை வீணாக்க வேண்டாம். அயோடின் படாததால் மறுபடி ஒரு கொதி விட்டுக் குடித்துவிடலாம், இலேசாகத் தித்திக்கும்.

நம் எச்சிலிலும் இதே வேலையைச் செய்யும் அமைலேஸ் உண்டு. ஆறிய சாமைத் தெளிவில் கொஞ்சம் எச்சில் கலந்து, நிமிடத்துக்கு ஒரு சொட்டு வீதம் தட்டில் எடுத்து அயோடினால் சோதித்துப் பாருங்கள். கருநீலம் ஊதாவாகி, சிவந்து, ஒரு கட்டத்தில் அயோடினின் மஞ்சள் மட்டும் நிற்கும்.

மாங்காய்க் காலமாக இருந்தால்

கிருஷ்ணகிரிப் பக்கம் கோடையில் பெங்களூரா மாங்காய்க்குப் பஞ்சமே இல்லை. மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவதும் அதுதான், சாலையோரத்தில் கீற்றுப் போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பதும் அதுதான். நன்றாக முற்றிய, ஆனால் பழுக்காத காயில் ஒரு கீற்று. நன்றாகப் பழுத்ததில் ஒரு கீற்று. இரண்டிலும் அயோடின் விடுங்கள். காய் கறுக்கும், பழம் கறுக்காது. காயில் சேர்ந்திருந்த மாவுச்சத்து பழுக்கும்போது சர்க்கரையாக மாறிவிட்டது. முளைமாவுக் கிண்ணத்தில் கால்மணி நேரத்தில் நடந்ததை மாங்காய் வைக்கோலுக்குள் சில நாள் எடுத்துக்கொண்டு செய்கிறது.

காயில் முதல் சொட்டு நிறமே இல்லாமல் போய்விட்டால் பதற வேண்டாம். மாங்காயில் இருக்கும் வைட்டமின் சி, அயோடினை நிறமற்றதாக மாற்றிவிடும். அதே இடத்தில் இன்னும் இரண்டு மூன்று சொட்டு விட்டால் கருமை வரும்.

வெள்ளைச் சர்க்கரையை உடைத்தல்

பெனடிக்ட் கரைசல் கிடைத்தவர்களுக்கு மட்டும். குளுக்கோஸ் போன்ற தனிச் சர்க்கரைகளோடு சூடாக்கினால் இதன் நீலம் மாறும். நீல நிறக் கரைசல் ஒரு தேக்கரண்டி அளவைச் சோதனைக் குழாயில் எடுத்து, சர்க்கரைத் தண்ணீர் எட்டுப் பத்துச் சொட்டு சேர்த்து, குழாயைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். நீலம் மாறாது. இன்னொரு பாத்திரத்தில் சர்க்கரைத் தண்ணீரோடு எலுமிச்சைச் சாறு பிழிந்து பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபின் நுரை அடங்கும்வரை சமையல் சோடா சேர்த்துப் புளிப்பை முறித்து, அதைச் சோதியுங்கள். பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறம்வரை மாறலாம். வெள்ளைச் சர்க்கரை என்பது குளுக்கோஸும் பிரக்டோஸும் நீரை இழந்து சேர்ந்த ஜோடி. அமிலமும் சூடும் நீரைத் திரும்பப் புகுத்தி ஜோடியைப் பிரித்துவிட்டன. வெல்லத்தை நேராகச் சோதித்தாலே நிறம் மாறும், ஏனென்றால் சாறு காய்ச்சும் கொப்பரையிலேயே ஓரளவு பிரிவு நடந்து முடிந்துவிடுகிறது.

புரதம்: பால், முட்டை, பட்டுக்கூடு

காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரியும். திரிந்து ஒதுங்கும் வெள்ளை, பெரும்பாலும் கேசீன் என்ற புரதம்; பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதுவே. புளிப்பு ஏற ஏற இறங்கும் pH என்ற அளவு 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் திறனை இழந்து ஒட்டிக்கொள்கின்றன. முட்டை வெள்ளைக்கரு கொதிநீரில் இறுகுவது வேறு வகை. அங்கே சூடு, மடிந்து கிடக்கும் புரதச் சங்கிலிகளைப் பிரித்துவிட, அவை தாறுமாறாகப் பின்னிக்கொள்கின்றன.

இரண்டிலுமே சங்கிலி அறுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். முட்டையில் மடிப்புதான் குலைந்தது. புரதம் தன் வேலையைச் செய்வது அந்த மடிப்பினால்தான். முளைமாவை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்தபோது நொதி செத்ததும் இப்படித்தான். அமைலேஸும் ஒரு புரதம்.

புரதத்தின் கண்ணிகள் அமினோ அமிலங்கள். உயிர்கள் பொதுவாகக் கையாள்வது இருபது வகை. இருபது பெயரையும் முதல் நாளே உருப்போட வேண்டாம். கிளைசீன், அலனைன், செரீன் என்று மூன்று போதும், ஏனென்றால் பட்டு நூலின் பெரும்பகுதி இந்த மூன்றாலேயே ஆகிவிடுகிறது.

தருமபுரியில் அரசின் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் மல்பெரி வைத்துப் புழு வளர்ப்பவர்களும் நிறைய. தெரிந்தவர் யாரிடமாவது, விலை போகாத கூடுகள் பத்து கேட்டு வாங்குங்கள். கூட்டை வெட்டி உள்ளிருக்கும் கூட்டுப்புழுவை எடுத்துவிட்டு, காலிக் கூடுகளை உலர்த்தி, நகைக்கடைத் தராசு போன்ற நுண்தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சலவைச்சோடா போட்டு, கூடுகளை அரைமணி நேரம் கொதிக்கவையுங்கள். கையால் தொட்டால் உறைக்கும், கரண்டியால் எடுங்கள். விறைப்பான ஓடு மாதிரி இருந்த கூடு நெகிழ்ந்து பஞ்சாகியிருக்கும். அலசி, முழுதாக உலர்த்தி மறுபடி எடை போட்டால் கால் பங்கு அளவுக்குக் குறைந்திருக்கும்.

குறைந்தது செரிசின் என்ற பசைப் புரதம். அது நீரை விரும்புவது, சுடுநீரில் கரைந்துவிடும். மிஞ்சியது பைப்ராயின் என்ற நூல் புரதம். ஒரே புழு, ஒரே இலை, ஒரே வாயிலிருந்து வரும் நூல், ஆனால் இரண்டு புரதங்கள். பைப்ராயினில் கிளைசீனும் அலனைனும் மாறி மாறி வருகின்றன. இரண்டும் மிகச் சிறியவை என்பதால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடிகிறது. நல்ல கூடு ஒன்றில் இப்படி ஒரு கிலோமீட்டரை எட்டும் நூல் அறுபடாமல் சுற்றியிருக்கும். நூற்பவர்கள் கூட்டை முதலில் வெந்நீரில் போடுவது, இந்தப் பசையை இளக்கி நூல் முனையைப் பிடிப்பதற்காகத்தான்.

பஞ்சாகிய கூட்டிலிருந்து ஓர் இழையை இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் ஒரு பருத்தி நூலையும். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். அது குளுக்கோஸ் சங்கிலி. பட்டு மயிர் பொசுங்கும் வாடையோடு சுருண்டு, நசுக்கினால் பொடியாகும் கரிய உருண்டையாகும். சேலை எடுக்கும்போது முந்தானை ஓரத்து இழையைக் கொளுத்திப் பார்க்கும் பெரியவர்கள், கார்போஹைட்ரேட்டா புரதமா என்று சோதிக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

ஆட்டுக்கால் சூப்பும் ஒரு சென்னை ஆராய்ச்சியும்

ஆட்டுக்காலை மெதுவான தீயில் மணிக்கணக்காகக் காய்ச்சி, வடிகட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் தளதளவென்று உறைந்திருக்கும். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் சூட்டில் பிரிந்து ஜெலட்டினாகியிருக்கிறது. கொலாஜனில் மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்ற அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இடம், சென்னைப் பல்கலைக்கழகம். சங்கிலியில் மூன்றுக்கு ஒன்று கிளைசீனாக இருப்பதே அவர்களுக்குப் பெரிய துப்பாக இருந்தது. முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரிதான எதற்கும் இடமில்லை. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று ராமச்சந்திரன் குழு 1963-இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் அவர் பெயரால் வழங்குகிறது. நம் பாடநூல்கள் இவருக்கு ஒரு வரி ஒதுக்குவதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம்.

கொலாஜன் பொடி குடித்தால் தோல் மினுமினுக்கும் என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். குடித்த கொலாஜன் அப்படியே தோலுக்குப் போய்ச் சேராது. குடலில் நீர் புகுந்து, அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் அறுபட்ட பிறகுதான் இரத்தத்தில் ஏறுகிறது. கொள்ளுக் கடைசலின் புரதத்துக்கும் அதே வழிதான்.

எலும்பை வளைத்துப் பாருங்கள்

சதை நீக்கிக் கழுவிய கோழிக்கால் எலும்பை வினிகரில் மூழ்கவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரத்தைத் தாண்டும்போது எலும்பு ரப்பரைப்போல் வளையும். வினிகர் கால்சியம் பாஸ்பேட் வகைத் தாதுவைக் கரைத்துக்கொண்டுபோக, கொலாஜன் மட்டும் எஞ்சியது. மறுதலையாக, எலும்பை அடுப்புத் தணலில் சுட்டால் கொலாஜன் எரிந்துபோய், தொட்டால் நொறுங்கும் வெள்ளைத் தாது மிஞ்சும். வளையும் புரதமும் விறைத்த தாதுவும் சேர்ந்தால்தான் எலும்பு.

இந்தத் தாது எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வெறும் பாடமல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எலும்புத் தாதுவிலும் பல் எனாமலிலும் ஹைட்ராக்சைடு இருக்க வேண்டிய இடத்தில் புளோரைடு போய் உட்கார்ந்துகொள்கிறது. அளவு மீறினால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் விறைத்துப்போகும். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். ஒன்றை நினைவில் வையுங்கள்: தண்ணீரைக் கொதிக்கவைப்பதால் புளோரைடு போகாது. நீர் ஆவியாகி அளவு சுண்டுமே தவிர, உப்பு அங்கேயே இருக்கும்.

கொழுப்பு

இதற்கு அதிக நேரம் வேண்டாம். வேர்க்கடலையை நசுக்கி வெள்ளைத்தாளில் தேய்த்து உலரவிடுங்கள். தண்ணீர்க் கறை காய்ந்து மறையும். எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவும் புள்ளியாக அப்படியே நிற்கும். சோதனை முடிந்தது.

கொழுப்பு நீண்ட சங்கிலித் தொடர் அல்ல. ஒரு கிளிசரால், அதில் மூன்று கொழுப்பு அமிலங்கள், அவ்வளவே. சேரும்போது மூன்று நீர் கழன்றுபோகிறது. நம் கணக்கு இங்கும் மாறவில்லை. மார்கழியில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தேங்காய் எண்ணெய் புட்டியோடு உறைந்துவிட, பக்கத்தில் இருக்கும் கடலை எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரானவை, நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. கடலை எண்ணெயில் பல அமிலங்கள் நடுவில் வளைந்தவை, அடுக்கு கூடுவதில்லை.

மூன்று கொழுப்பு அமிலங்களில் ஒன்றின் இடத்தில் பாஸ்பேட் தொகுதி வந்தால் பாஸ்போலிப்பிடு. அதன் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை விலகும். தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிய குப்பியில் முட்டை மஞ்சள்கரு ஒரு கரண்டி சேர்த்துக் குலுக்கினால், இரண்டும் கலந்து பிரியாமல் நெடுநேரம் நிற்கும். மஞ்சள்கருவில் இருக்கும் லெசித்தின் அந்த வகை. உயிரணு ஒவ்வொன்றின் சவ்வும் அடிப்படையில் இத்தகைய மூலக்கூறுகளின் இரட்டை அடுக்குதான். அடுத்த படியில் நாம் பாத்திரம் துலக்கும் சோப்பால் உடைக்கப்போவதும் அந்தச் சவ்வைத்தான்.

பட்டாணியிலிருந்து டி.என்.ஏ.

1869-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பிரெடரிக் மீஷர், மருத்துவமனையில் கழித்த கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தெடுத்தார். புரதத்தில் இல்லாத அளவுக்குப் பாஸ்பரஸ் அதில் இருந்தது. நியூக்ளிக் அமில வகையைச் சேர்ந்த டி.என்.ஏ. முதலில் கைக்கு வந்தது அப்படித்தான். நாம் சீழுக்குப் போக வேண்டாம், பட்டாணி போதும்.

1. ஸ்பிரிட் புட்டியை முதல் நாளே இறுக மூடிக் குளிரூட்டிக்குள் வைத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை.

2. அரை டம்ளர் உடைத்த பச்சைப் பட்டாணி, ஒரு டம்ளர் குளிர்ந்த நீர், இரண்டு சிட்டிகை உப்பு. மிக்சியில் கால் நிமிடம் மட்டும் அடியுங்கள். நெடுநேரம் அடித்தால் டி.என்.ஏ. இழைகள் துண்டாகும்.

3. டீ வடிகட்டியில் வடித்து, வடிந்த சாற்றில் ஆறில் ஒரு பங்கு பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு சேர்த்து, நுரை எழாமல் மெல்லச் சுழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். உயிரணுவின் சவ்வும் உட்கருவின் உறையும் கரைந்துவிடும்.

4. சிறிய கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு சாறு ஊற்றி, பச்சைப் பப்பாளிச் சாறு அல்லது அன்னாசிச் சாறு சில சொட்டு சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். அதில் உள்ள நொதி, டி.என்.ஏ.வைச் சுற்றியிருக்கும் புரதத்தை அறுக்கும்.

5. குப்பியைச் சாய்த்து, அதன் சுவர் வழியாகக் குளிர்ந்த ஸ்பிரிட்டை அதே அளவுக்கு மெல்ல வழியவிடுங்கள். இரண்டும் கலக்கக் கூடாது, ஸ்பிரிட் மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும்.

சில நிமிடங்களில் இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்திலிருந்து வெண்ணிற இழைகள் மேலே கிளம்பும். பல்குச்சியால் சுழற்றினால் சுற்றிக்கொண்டு வரும். நீரில் கரையும் டி.என்.ஏ. ஸ்பிரிட்டில் கரையாததால் ஒதுங்குகிறது. குச்சியில் வருவது முழுக்க டி.என்.ஏ. அல்ல, புரதமும் வேறு சில சங்கிலிப் பொருள்களும் கலந்திருக்கும். பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிடுவது நல்லது. இழை ஒன்றைக் கண்ணால் பார்ப்பதாகவும் நினைக்க வேண்டாம், அது எண்ணற்ற இழைகள் திரண்ட கற்றை.

இதன் கண்ணிகளுக்கு நியூக்ளியோட்டைடு என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை, ஒரு பாஸ்பேட், நான்கு காரங்களில் ஒன்று. சங்கிலி கோக்கப்படுவது நீரை இழந்துதான். அடினின் எதிரில் தைமின், குவானின் எதிரில் சைட்டோசின் என்ற ஜோடிப் பொருத்தத்தோடு இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் வெளியிட்டார்கள். புரதத்தில் இருபது அமினோ அமிலங்களை எந்த வரிசையில் கோப்பது என்ற குறிப்பு, இந்த நான்கின் வரிசையில் இருக்கிறது. பட்டுப்புழு கிளைசீனையும் அலனைனையும் மாற்றி மாற்றிக் கோப்பதும் இந்தக் குறிப்பின்படியே.

இவ்வளவு செய்து பார்த்தபின் தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல் நூலில் உயிரி மூலக்கூறுகள் பாடத்தை எடுங்கள். மாவுச்சத்து, புரதம், நியூக்ளிக் அமிலம் என்ற வரிசையில் படித்துவிட்டு, படங்களில் நீர் எங்கே கழல்கிறது என்று பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டே போங்கள். நொதிப் பகுதியைக் கடைசிக்கு வையுங்கள்.

சுத்தம் செய்யும்போது, ஸ்பிரிட் கலந்த குப்பிகளை அடுப்பிலிருந்து தள்ளி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அயோடின் பட்ட கறை மேடையிலோ துணியிலோ தங்கிவிட்டால் தேய்த்து மல்லுக்கட்ட வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், கறை உடனே வெளுத்துவிடும்.